எஞ்சினைக் கழுவிய சனிக்கிழமை

என் கணவர் இறந்த பிறகு ஒன்பது மாதங்கள், தினமும் காலையில் கீழே இறங்கிப் போய், நிறுத்தி வைத்திருந்த எங்கள் காரில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவேன். யாராவது கேட்டால், பாட்டரி இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்வேன். நின்ற இடத்தில் பத்து நிமிடம் எஞ்சின் ஓடினால், ஸ்டார்ட் செய்ததில் செலவானதுகூட பாட்டரிக்கு முழுதாகத் திரும்பாது. இது எனக்குத் தெரியும். பம்பாய் திலக் நகரில் எங்கள் கட்டடத்தில் கேட்டவர்களுக்குத் தெரியாது. அதனால் பதில் நன்றாகவே வேலை செய்தது.

உண்மைக் காரணம் அவருடைய வாசனை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்து, கையை நீட்டிச் சாவியைத் திருப்பி, காற்றடிக்கிற ப்ளோயரைப் போட்டால் முதலில் தூசி வாடை வரும். இரண்டு நிமிடம் கழித்து மல்லிகை. புது மல்லிகை அல்ல. ஈரத்துணியில் சுற்றி வைத்து மறந்துபோன மல்லிகை, அதோடு கொஞ்சம் விபூதி, கொஞ்சம் மழை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது அவர் சட்டையிலிருந்து வருமே, அதே வாசனை. ஓட்டுகிறவர் இருக்கை அவர் கால் நீளத்துக்குத் தள்ளியபடியே இருந்தது. அதில் நான் உட்கார்ந்ததில்லை. சில நாட்கள் அந்த இருக்கையோடு பேசியிருக்கிறேன். சிலிண்டர் வந்துவிட்டது, மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை, இந்த மாதிரி.

ஆவிகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அணுசக்தி நகர் பஸ்ஸில் முப்பத்திரண்டு வருடம் போய் வந்து, அணு ஆராய்ச்சி மையத்தின் பாதுகாப்புப் பிரிவில் நடைமுறை விதிகள் எழுதி ஓய்வு பெற்றவள் நான். ஏணியில் எப்படி ஏறுவது என்பதற்கே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரு வாசனை வந்தால் அதற்கு ஒரு மூலம் இருந்தாக வேண்டும் என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். இதன் மூலத்தை மட்டும் தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடும்.

அப்போதுதான் புனேயிலிருந்து என் பெண் போன் செய்தாள்.

“அம்மா, வண்டி சும்மா நின்னு துருப்பிடிக்கறது. நான் எடுத்துண்டு போறேன். சண்டே வரேன்.”

“உங்காத்துலதான் ஒரு வண்டி இருக்கே.”

“அதை அவர் ஆபீஸுக்கு எடுத்துண்டு போயிடறார். குழந்தையைத் தூக்கிண்டு ரிக்‌ஷா தேடி அலையறேன்மா. ப்ளீஸ்.”

எட்டு மாதக் குழந்தையைச் சாட்சிக்கு இழுத்தால் நான் என்ன சொல்ல முடியும்? சரி என்றேன். போனை வைத்த பிறகு கணக்குப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரோடு இன்னும் நான்கு காலை.

பானெட்டைத் திறப்பது எங்கள் வீட்டில் அவர் இலாகா. பதினான்கு வருடத்தில் நான் அதைத் தொட்டதில்லை. பேரக்குழந்தை ஏறப்போகிற வண்டி என்பதால் வியாழக்கிழமை திறந்தேன். எஞ்சின் மேல் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து விரல் தடிமனுக்குக் கறுப்புக் களி. மூலையில் எலிக்கூடு. பஞ்சு, ஸ்பாஞ்சு, காய்ந்த இலை என்று எலிக்குக் கிடைத்த எல்லாம் அதில் இருந்தது. எஞ்சின் சூடேறினால் அடுப்பு மாதிரி கொதிக்கிற புகைக்குழாய்க்கு ஒரு முழம் தூரத்தில். தீப்பிடிக்க என்னென்ன வேண்டும் என்று கரும்பலகையில் நான் வரைந்து காட்டிய முக்கோணம் இதுதான். ஒன்பது மாதமாகத் தினமும் அதைச் சூடாக்கி, பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை மெக்கானிக்கை வரச் சொன்னேன். தாராவியில் பட்டறை வைத்திருப்பவர், பூர்வீகம் தென்காசிப் பக்கம். எங்கள் வண்டியை வாங்கிய நாளிலிருந்து பார்க்கிறவர். வந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“எலி குடும்பமே நடத்திருக்கும்மா. ரேஷன் கார்டு ஒண்ணுதான் வாங்கல.”

“ஒயரைக் கடிச்சிருக்கான்னு பாருங்கோ.”

“ரெண்டு எடத்துல கடிச்சிருக்கு. டேப்ப சுத்திட்டாப் போச்சு.”

“டேப் சுத்தறதில்லை. வெட்டி, ஈயத்தால பத்த வெச்சு, மேலே ரப்பர் ஸ்லீவ் போடணும்.”

“சரிம்மா, அப்படியே செஞ்சிருவோம். இந்தக் கரிக்கு ஒரு மக்கு டீசல அடிச்சு விட்டம்னா பளபளன்னு ஆயிரும்.”

“அப்புறம் ஒரு பொறி பட்டா இன்னும் பளபளன்னு இருக்கும்.”

அவர் சிரித்துவிட்டு ஒதுங்கி நின்றார். நான் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டேன்.

இரவெல்லாம் நின்று குளிர்ந்த எஞ்சின். சாவி என் பையில். முதலில் பாட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றித் துணியால் சுற்றி ஒதுக்கினேன். பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஃப்யூஸ் பெட்டி, காற்று உள்ளே போகும் வாய், இவற்றுக்கெல்லாம் தண்ணீர் புகாதபடி, கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டுகளை மாட்டி ரப்பர் பாண்டு போட்டேன். எலிக்கூட்டைக் காய்ந்தபடி தொடக்கூடாது. அதன் எச்சமும் மூத்திரமும் தூளாகப் பறந்து மூக்கில் ஏறும். ப்ளீச் கலந்த தண்ணீரைத் தெளித்து, கால் மணி ஊறவிட்டு, பிறகு எடுத்தேன்.

கூட்டுக்குள் நூல் இருந்தது. வாழை நார் அல்ல, பம்பாயில் பூக்கட்டுகிற வெள்ளை நூல். அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

கிங்ஸ் சர்க்கிள் பூக்காரியிடம் அவர் வெள்ளிக்கிழமைதோறும் மல்லிகை வாங்குவார். எனக்கு இரண்டு முழம், வண்டிக்கு ஒரு முழம். வண்டிக்கு உள்ளதை முன் கண்ணாடியின் அடியில், வைப்பர் மேல் போடுவார். வாடிய பூவை என்ன செய்கிறார் என்று நான் கேட்டதே இல்லை. சாமிக்கோ வண்டிக்கோ வைத்த பூவைக் குப்பையில் போடக்கூடாது, காலில் மிதிபடக்கூடாது, கோயிலில் வைத்திருக்கும் நிர்மால்யக் கலசத்தில்தான் கொண்டு போட வேண்டும் என்று சட்டம் போட்டவள் நான்தான். போட்ட சட்டத்தை எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள் என்று நம்புவது எங்கள் தொழிலின் வியாதி.

“அந்த வைப்பரைக் கழட்டி, கீழே இருக்கிற பிளாஸ்டிக்கைத் தூக்குங்கோ” என்றேன்.

அவர் உடனே கை வைக்கவில்லை. பிறகு கழற்றினார். கண்ணாடியின் அடியில் துளைத் துளையாக ஒரு கறுப்புத் தட்டு உண்டு. வெளிக்காற்று அதன் வழியாகத்தான் ப்ளோயருக்குப் போகிறது. தட்டைத் தூக்கியதும் அந்த வாசனை என் முகத்தில் வந்து நின்றது.

உள்ளே பள்ளம் முழுக்கப் பூ. மேலே காய்ந்து சருகாக, கீழே ஈரத்தில் மக்கிக் கறுத்து, பாய் போலப் படிந்து கிடந்தது. இடையிடையே விபூதிப் பொட்டலக் காகிதம்.

“அண்ணாச்சி இதுக்குள்ளதாம்மா சொருவுவாக” என்றார் மெக்கானிக். “நான் பாத்திருக்கேன்.”

“என்கிட்டே சொல்லலையே?”

“சொல்லாண்டாம்னுட்டாக. தெரிஞ்சா நீங்க அதுக்கும் ஒரு ரூல் போட்டுருவியளாம்.”

போட்டிருப்பேன். நான் கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டேன். பிறகு, முப்பத்திரண்டு வருடம் யார் கேட்டாலும் திட்டி அனுப்பிய கேள்வியை நானே கேட்டேன்.

“இதை அப்படியே விட்டா என்ன ஆகும்?”

அவர் என்னைப் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைத்தார். “இத்தன வருசம் ஒண்ணும் ஆவல. ஆனா தண்ணி போற ஓட்ட அடச்சிருக்கு. பெரிய மழைன்னா உள்ள ஒயருக்கு எறங்கிரும். அப்புறம் இந்தப் பூசணம் பூரா காத்தோட வண்டிக்குள்ளதானே வரும்? பச்சப் புள்ள ஏறுமுன்னிய.” ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “நீங்க சொன்னாப் பழையபடி மூடிருதேன்மா” என்றார்.

மூடச் சொல்ல வாயெடுத்தேன். எட்டு மாதக் குழந்தையின் மூச்சு எவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்திருந்தது.

நானே எடுத்தேன். கை நிறைய, கை நிறைய, ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டேன். அடியில் இருந்தது பூ மாதிரியே இல்லை, மண் மாதிரி இருந்தது. எதையும் ஒதுக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பிடி வைத்துக்கொண்டால் அதற்காக இன்னொரு அலமாரியைத் தினமும் திறந்துகொண்டிருப்பேன். அடைபட்ட ஓட்டையை மெக்கானிக் குச்சியால் குத்திவிட, கறுப்புத் தண்ணீர் நெடுநேரம் ஒழுகியது.

மற்றதெல்லாம் சுலபமான வேலை. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் டிக்ரீசரைத் தெளித்து, காயவிடாமல் பிரஷால் தேய்த்து, பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் விட்டோம். ஒழுகியதைத் தட்டில் பிடித்தோம். கட்டடத்துச் சாக்கடைக்கு எண்ணெய் போகக்கூடாது. துடைத்து, பால் பாக்கெட்டுகளைக் கழற்றி, பானெட்டைத் திறந்தபடி மூன்று மணிநேரம் காயவிட்டோம். அதற்குள் அவர் ஒயர்களை நான் சொன்னபடியே ஒட்டினார். பாட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடியது.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ப்ளோயரைப் போட்டேன். சூடான பிளாஸ்டிக், கொஞ்சம் சோப்பு. இரண்டு நிமிடம் கழித்தும் அதேதான். எதிரே பானெட் தூக்கியிருந்ததால் வெளியே நின்ற மெக்கானிக்குக் கண்ணாடி வழியாக என் முகம் தெரியவில்லை. அது ஒரு வசதி. சாயங்காலம் தலையணை உறையை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வந்தாள். சாப்பிட்டதும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் அவளோடு கீழே போனேன். அவள் ஓட்டுகிறவர் இருக்கையில் ஏறினாள். கால் எட்டவில்லை. ஆனாலும் இருக்கையை நகர்த்தவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லா ஜன்னலையும் ஏற்றிவிட்டு ப்ளோயரைப் போட்டாள்.

“ஏ.சி. வேணும்னா எஞ்சினை ஸ்டார்ட் பண்ணு” என்றேன்.

“இரும்மா. ரெண்டு நிமிஷம்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு திறந்தாள்.

“வண்டியை வாஷ் பண்ணியா?”

“பண்ணினேன்.”

“உள்ளேயுமா?”

“எல்லாத்தையும். அப்பா வருஷக்கணக்கா பூவைச் சொருகி வெச்சிருந்தார். அதையும்.”

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள். “பதிமூணாம் நாள் எல்லாரும் சாப்பிடறச்சே நான் இங்கே வந்து உட்கார்ந்தேன்மா. அப்பா இருந்தார்.” என் பக்கம் திரும்பி, “எங்கே போட்டே?” என்றாள்.

“கோயில் கலசத்துல. நேத்து.”

“அப்போ காலம்பறவே முனிசிபாலிட்டிக்காரா எடுத்துண்டு போயிருப்பா.”

“உங்க ஊர்ல ரிக்‌ஷா கிடைக்கறதா?” என்று கேட்டேன்.

“தாராளமா கிடைக்கறது” என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

ப்ளோயரை ஒன்றிலிருந்து நான்குக்குத் திருப்பினாள். குழந்தையின் முடி பறந்தது. காற்று மிகவும் சுத்தமாக இருந்தது. பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஜன்னலைத் திறக்கலாமா என்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.