செம்பூர் மொட்டைமாடியில் தலையாட்டியது

மும்பை செம்பூரில் ஒரு பங்களாவின் மொட்டைமாடியில் பத்து கிலோவாட் சோலார் மாட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. வீட்டுக்காரரிடம் விற்பனை ஆள் மட்டும்தான் பேசலாம். தாராவியிலிருந்து போகிற என்னைப் போன்ற ஃபிட்டருக்குக் கை மட்டும்தான், வாய் கிடையாது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்காரர் பாலக்காட்டுப் பெரியவர், ரிடையர் ஆனவர். நான் தமிழ் என்று தெரிந்ததும் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கீழே அவர் மனைவி ஆக்சிஜன் மிஷினோடு படுத்திருந்தார்.

"ஏன்பா, கரண்ட் போனாலும் இனிமே அவ மிஷின் ஓடுமோன்னோ?"

ஓடாது. இந்த மாதிரி பேட்டரி வைக்காத சோலார், தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். வெயில் அடித்தாலும் அதே கதிதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். விற்பனை ஆள் நாலடி தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தலையாட்டினேன்.

"அப்பாடா. கரண்ட் போனா வேணும்னு வாங்கி வெச்ச அந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திருப்பிக் குடுத்துடறேன். ரூமை அடைச்சிண்டு நிக்கறது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். குனிந்து போல்ட்டை முறுக்கினேன். நாங்கள் கிளம்பும்போது அவசரத்துக்கு என்று என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் போன் வந்தது. நான் குர்லாவில் வேலையில் இருந்தேன்.

"கரண்ட் போயிடுத்துப்பா. மேல வெயில் கொளுத்தறது, மிஷின் நின்னுடுத்து. எந்த ஸ்விட்சைப் போடணும்?"

"மொதல்ல ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க சார். நா இந்தா வாரேன்."

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. யாரும் அவசரப்படவில்லை. கரண்ட் திரும்பியிருந்தது. உள்ளே, துணி மூடிய முகத்துக்குப் பக்கத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, அணைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெரியவர் என் கையைப் பிடித்து சோலார் இன்வெர்ட்டர் பெட்டிக்கு முன்னால் கூட்டிப் போனார்.

"நீ சரியாத்தான் மாட்டியிருக்கே. நான்தான் பதட்டத்துல ஏதோ ஒண்ணைப் போடாம விட்டுட்டேன். எதுன்னு மட்டும் காமி."

அன்று அங்கே விற்பனை ஆள் இல்லை. என் வாயை யாரும் கட்டவில்லை. உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

நான் ஏதோ ஒரு ஸ்விட்சைத் தொட்டுக் காட்டினேன்.