ஐரீன் பூக்கடை

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே, துளசி மாலைகளுக்கு மேலே 'ஐரீன் பூக்கடை' என்று பலகை தொங்குகிறது. கடைக்காரர் நெற்றியிலோ பளிச்சென்று திருமண்.

"யாருங்க ஐரீன்?"

"என் பொண்ணுங்க. எங்க கல்யாணத்துக்கு ரெண்டு வீட்லயும் சம்மதிக்கலை. என் சம்சாரத்தோட சிநேகிதி, பொன்மலை ஐரீன்தான் நடையா நடந்து பேசிச் சேர்த்துவச்சாங்க. அந்தப் பேரையே வச்சோம். சொந்தக்காரங்க முகம் சுளிச்சாங்க. போர்டுலயே எழுதிட்டேன்."

அது கிரேக்கர்களின் அமைதித் தெய்வத்தின் பெயர் என்கிறேன். மாலை கட்டும் கை நிற்கிறது.

"அப்படிப் போடுங்க! சமாதானம் பண்ணவங்களுக்குச் சரியான பேருதான்."

சைக்கிளில் வந்த பட்டர் காலை ஊன்றி நின்று கேட்கிறார்: "ஐரீன் அப்பா, பெருமாளுக்கு மாலை ஆயிடுத்தா?"

"இங்க என் பேரு யாருக்குமே தெரியாதுங்க" என்று என்னிடம் சிரிக்கிறார், மாலையை இரு கைகளிலும் ஏந்தியபடி.