பதினொரு கிராமங்களை இடம் மாற்றிய நெடுவரிசை

பிரான்சின் மலைப்பகுதி ஒன்றில் பதினொரு கிராமங்களை நான் ஒருமுறை வேறு அலுவலகத்தின் கீழ் கொண்டுபோய் வைத்தேன். கோப்பன்ஹேகனில் என் மேசையில் இருந்தபடி, ஒரேயொரு அழித்தலில். டேட்டா வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு உதவும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

1. வேலை

எங்கள் நிறுவனம், பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடும் லொறிகளுக்கான மென்பொருளைச் செய்கிறது. எந்த லொறி எங்கே நிற்கிறது, எந்த வீதி மூடப்பட்டது, அதை யாருக்கு அறிவிக்க வேண்டும். இவ்வளவுதான். பிரான்சில் முதல் வாடிக்கையாளர் கிடைத்தபோது நான் சேர்ந்து இரண்டு மாதம். சோதனைக்காலம் மூன்று மாதம். அதற்குள் பிடிக்காவிட்டால் இரண்டு வார அறிவித்தலில் வீட்டுக்கு அனுப்பலாம்.

வாடிக்கையாளர் ஒரு தெபார்த்மான். மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நான் அறிய வேண்டியிருந்தவை:

– கொம்யூன்: மேயர் உள்ள ஊர். சிலவற்றில் நூறு பேர்கூட இல்லை.
– கன்டோன்: மாவட்ட சபைத் தேர்தலுக்கான தொகுதி. ஒவ்வொன்றிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சோடியாகத் தெரிவாகிறார்கள்.
– அரோன்டிஸ்மான்: அரசின் நிர்வாகப் பிரிவு. அதன் பொறுப்பாளரை, இலங்கையில் வளர்ந்த அப்பாவின் பாஷையில் ஏஜிஏ, அதாவது உதவி அரசாங்க அதிபர் எனலாம்.

மலைவீதி மூடினால் நான்கு செய்திகள் போக வேண்டும்: மேயருக்கு, சோடி இருவருக்கும், ஏஜிஏ அலுவலகத்துக்கு.

2. சுத்தம்

அவர்கள் அனுப்பிய பட்டியலில் ஒவ்வொரு கொம்யூனுக்கும் பக்கத்தில் அதன் கன்டோனும் இருந்தது, அரோன்டிஸ்மானும் இருந்தது. எனக்கு அது உறுத்தியது. ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது என்று ஓல்போர்க் பல்கலைக்கழகத்தில் படித்தவள் நான். கன்டோன் தெரிந்தால் அரோன்டிஸ்மான் தானாகத் தெரியுமே? ஒவ்வொரு கன்டோனிலும் முதல் ஊருக்கு இருந்த அரோன்டிஸ்மானைக் கன்டோனுக்கே எழுதினேன். பிறகு ஊர்ப்பட்டியலில் இருந்த அந்த நெடுவரிசையை அழித்தேன்.

சோதனைப் பொறியாளர் கார்த்திக் அண்ணா சென்னைக்காரர். எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, அந்த வரிசையத் தூக்கிட்டீங்களா?"

"ஓம். ரெண்டு தரம் கிடக்குது. தேவையில்லை."

"கரெக்ட்தான். கிராமம், தாலுகா, மாவட்டம். டப்பாவுக்குள்ள டப்பா."

டென்மார்க்கிலும் அப்படித்தான்: ஒவ்வொரு கொம்மூனவும், அதாவது நகராட்சியும், ஒரே பிராந்தியத்துக்குள். இரண்டு நாட்டு அனுபவமும் சேர்ந்து எங்களைத் தலையாட்ட வைத்தன.

3. செவ்வாய்க்கிழமை ஒத்திகை

வாடிக்கையாளர் பக்கத்தில் வீதிப் பிரிவின் பொறியியலாளர் சில்வி. காணொளியில் ஆங்கிலத்தில் பேசினார். என் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன்.

ஒரு கணவாய் வீதியை மூடியதாகப் சோதனைச் செய்தி அனுப்பினோம். சில்வி திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பிள்ளை, வாழ்த்துகள். பிராந்திய அரசாங்க அதிபர் ஆணை போட்டுச் செய்யிற வேலையை நீர் ஒரு கிழமையிலை முடிச்சிட்டீர்."

"என்ன வேலை?"

"எங்கட பதினொரு கிராமத்தை மலைக்கு அங்காலை இருக்கிற ஏஜிஏக்குக் குடுத்திட்டீர். அந்த மனுசன் தெரியாத வீதிக்கு ஆள் அனுப்பப்போறார். இங்கை உள்ளவருக்கு வீதி மூடினதே தெரியாது."

பிறகு பொறுமையாக விளக்கினார். தெபார்த்மானும் கன்டோனும் 1790இல், புரட்சிக் காலத்தில் வந்தவை. அரோன்டிஸ்மான் 1800இல் வந்தது. பெரும்பாலும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கித்தான் இருந்தன. 2015 தேர்தலுக்காகக் கன்டோன்களை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்து, மக்கள்தொகையைப் பார்த்துப் புதிதாகக் கோடு போட்டார்கள். அந்தக் கோடு அரோன்டிஸ்மானின் எல்லையைக் கவனிக்கவில்லை. அதனால் ஒரே கன்டோனின் ஊர்கள் இரண்டு அரோன்டிஸ்மானில் கிடந்தன; நானோ எல்லாவற்றுக்கும் முதல் ஊருடையதையே கொடுத்திருந்தேன்.

"கன்டோன் வாக்குப் போட. அரோன்டிஸ்மான் அரசாங்கத்துக்கு. ரெண்டும் ஒண்டையொண்டு கேக்கிறேல்லை. அதுக்குத்தான் நாங்கள் ரெண்டையும் எழுதி அனுப்பினது. வியாழக்கிழமை கடைசிச் சோதனை. அதிலையும் பிழை வந்தா, இந்தப் பனிக்காலத்துக்கு நாங்கள் பழையபடி தொலைபேசியோடை இருப்பம்."

4. மெத்தவின் மேசை

அழைப்பு முடிந்ததும் கார்த்திக் அண்ணா மெல்லச் சொன்னார்: "அவங்க ஃபைல் குழப்பமா இருந்துச்சுன்னு சொல்லிடலாம்ங்க. உங்களுக்கு ப்ரொபேஷன் முடிய இன்னும் ரெண்டு வாரம்தான இருக்கு."

"ஃபைல் சரியாத்தானே இருந்தது. நான்தான் அழிச்சனான்."

"நானும் கரெக்ட்னு சொன்னேனே."

"அப்ப ரெண்டு பேருமாப் போவம்."

மேலாளர் மெத்தவிடம் மூன்று விஷயம் சொன்னேன்: என்ன அழித்தேன், ஏன் அழித்தேன், திருத்த எவ்வளவு நேரம் வேண்டும். அவர் காப்பியைக் கீழே வைத்தார்.

"சரி, இப்ப எங்களுக்குத் தெரியும். நாளைக்கு முடியுமா?"

"ஓம்."

"அப்ப வெள்ளிக்கிழமை குவாய்யகேய."

அலுவலகத்தில் சொதப்பியவர் எல்லோருக்கும் கொண்டுவர வேண்டிய கேக்குக்கு டேனிஷில் அதுதான் பெயர். வெள்ளிக்கிழமையும் நான் அங்கே இருப்பேன் என்று அவர் சொன்னதாக எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினேன்.

5. திருத்தம்

அழித்ததை மீட்டேன். ஒவ்வொரு ஊருக்கும் கன்டோன் தனி, அரோன்டிஸ்மான் தனி. எந்தத் திகதியிலிருந்து என்றும் ஓர் இடம் ஒதுக்கினேன், கோடுகள் இனியும் மாறும் என்பதால்.

இதை நான் முதலிலேயே யோசித்திருக்கலாம். நான் வளர்ந்தது டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் என்ற ஊரில். 2007இல் எங்கள் கொம்மூனவைப் பக்கத்துப் பில்லுண்ட் கொம்மூனவோடு சேர்த்தார்கள். பெயர் பில்லுண்ட் ஆனது, நகர மண்டபம் கிரின்ஸ்டெட்டில் இருந்தது. "பேரை அவை எடுத்தவை, கந்தோரை நாங்கள் எடுத்தம்" என்று அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார். கோடு போடுபவர்கள் ஆளுக்கொரு காரணத்தோடு போடுவார்கள் என்று பார்த்தே வளர்ந்த எனக்கு, வேலையில் அது நினைவுக்கு வரவில்லை.

6. வியாழன், வெள்ளி

சில்வி வேண்டுமென்றே அந்தப் பதினொன்றில் கடைசி ஊரைத் தேர்ந்தெடுத்தார். நாற்பது பேரும் ஒரு மேயரும். செய்தி போனது. அவர் ஒவ்வொன்றாக வாசித்தார்.

"மேயர், சரி. சபைக்காரர் ரெண்டு பேரும், சரி. ஏஜிஏ..." நிறுத்தினார். கார்த்திக் அண்ணா மேசைக்குக் கீழே என் நாற்காலியை உதைத்தார்.

"சரி. மலைக்கு அங்காலை உள்ள மனுசன் இனித் தன்ரை பனியை மட்டும் பாப்பார்."

வெள்ளிக்கிழமை ஒரு பெரிய தட்டில் புருன்ஸ்விய வாங்கிப் போனேன். மேலே பழுப்புச் சீனி உருகிக் கிடக்கும் தட்டையான கேக். கார்த்திக் அண்ணா கத்தியை வாங்கி நேராக மூன்று கோடு இழுத்தார்.

"இது கன்டோன்."

பிறகு அதன்மேல் சாய்வாக இரண்டு கோடு. "இது அரோன்டிஸ்மான். யாருக்கு எந்தத் துண்டுன்னு இப்ப நீங்களே பிரிச்சுக் குடுங்க."

ஒரு துண்டும் இன்னொன்றைப் போல இல்லை. மேலாளர் மெத்த, மிகப் பெரிய மூலைத்துண்டை எடுத்துக்கொண்டு, "மூண்டாம் மாசம் முடிய, வேலை நிரந்தரமெண்டு ஒரு தாளிலை கையெழுத்து வேணும், மறக்காதை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கற்றது ஒன்றுதான்: தேவையில்லாததுபோல் தெரியும் ஒன்றை அழிக்குமுன், அதை எழுதியவரிடம் ஏன் எழுதினீர்கள் என்று கேட்க வேண்டும். அந்த நெடுவரிசை இன்றும் இருக்கிறது. அதன் தலைப்பில் என் பெயரோடு ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன்: "இதை அழிக்க விரும்புபவர் முதலில் சில்வியுடன் கதைக்கவும். பிறகு கேக் வாங்கவும்."