கூடப் பிறந்த குட்டிகள்

வடகரப்பதி மிருகாசுபத்திரி டாக்டரம்மாவின் பெயரை நான் கேட்டதில்லை. ஒல்லி உடம்பு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். நாயைத் தொடும் முன் அதன் தாய் தகப்பனை விசாரிப்பார், சம்பந்தம் பேச வந்தவர் போல.

உண்ணி போகட்டும் என்று மாட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தில் மிச்சத்தை என் மச்சான் தன் கோலி என்கிற வெளிநாட்டு ஜாதி நாய்க்குப் போட்டுவிட்டான். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். நாய் கட்டையாகச் சாய்ந்தது. குழிவெட்ட மண்வெட்டியே எடுத்துவிட்டோம்.

"சாகலீங்க. இந்த ஜாதியில பரம்பரையா வர்ற கோளாறு. இந்த மருந்து நேரா மூளைக்கு ஏறிரும். எறங்கற வரைக்கும் பாத்துக்கோணுங்க" என்றார் சேதி கேட்டு வந்த டாக்டரம்மா. இமைக்க மறந்த அதன் கண்கள் காயாமல் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, சாணித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒருவழியாக அது வாலை அசைத்தது. மச்சான் அழுதேவிட்டான். நாங்களெல்லாம் நாயைச் சூழ்ந்துகொண்டு கொஞ்சினோம். அவர் கையைக்கூடத் துடைக்கவில்லை.

"ஏனுங்க, இதுகூடப் பொறந்த குட்டிக யாரூட்டுல இருக்குதுங்க?" என்று கேட்டுக்கொண்டே வண்டியை எடுத்தார்.

அவர் போய் இறங்கிய வீட்டில் நாயைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஊசியில் அதே மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்களாம்.