உப்பளத்து வெயிலும் என் மருந்துச் சீட்டும்

இக்குறிப்பை எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. காலநிலை மாற்றத்தையும் உடல்நலத்தையும் பற்றி இளம் மருத்துவர்கள் கூடிப் பேசும் அவைகளில், மரக்காணத்து உப்பளப் பெண்களை நான் வெப்ப நோயினின்று காப்பாற்றியதாக ஒரு கதை சொல்லப்படுகிறது. கேட்க இனிய கதை. ஆயின் நடந்தது அதுவன்று. அதை நம்பி வேறோர் ஊரில் ஒருவர் அவ்வாறே செய்யப் புகுந்தால் தீங்கு நேரக்கூடும். ஆகவே நடந்தவாறே எழுதுகிறேன்.

ஒரு கோடையின் வெம்மையைக் கொண்டு புவி வெப்பமாகிறது என்று நிறுவ இயலாது. 2005ஆம் ஆண்டுக் கோடையை அதற்குச் சான்றாக நான் காட்டவில்லை. ஆனால் வெயிலே நோய்க்குக் காரணமாகும்போது மருத்துவரின் கடமை எதுவரை செல்லும் என்ற வினா எனக்கு அங்கேதான் எழுந்தது.

1. குளுக்கோஸ் பாட்டில்

கடற்கரைச் சாலையை ஒட்டிய சிறு மருத்துவமனை ஒன்றில் அப்போது பணியிலிருந்தேன். ஆழிப்பேரலை வந்துபோன அடுத்த கோடை அது. சேறு படிந்த பாத்திகளைச் சீர்செய்து, உப்பளங்களில் மீண்டும் வேலை தொடங்கியிருந்தது. நண்பகலில் எங்கள் சன்னலிலிருந்து பார்த்தால் வெள்ளை வெளியின்மேல் காற்று நீர்போல் நெளியும். தலையில் கூடையுடன் செல்லும் பெண்கள் இடுப்புவரை கரைந்து, மிதந்து செல்வதாகத் தோன்றும். சில நாள்களில் நோயாளியின் நாடியைப் பிடித்தபடியே அக்காட்சியில் ஆழ்ந்துவிடுவேன்.

அங்கிருந்துதான் பச்சையம்மாளை ஒருநாள் தூக்கிவந்தார்கள். முப்பது வயதைக் கடந்தவள். உப்புச் சுமை தூக்குபவள். மயக்கம் தெளிந்தவுடன் அவள் கேட்டது இதுதான்:

"ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திவுட்டுடுங்க டாக்டரம்மா. சாயங்காலம் திரும்பப் போயிடறேன்."

அவ்வூர் வழக்கம் அது. கைகால் சுண்டியிழுத்தால் வலி மாத்திரை. மயங்கி விழுந்தால் பாட்டில். பிறகு மீண்டும் பாத்தி. செவிலி ஸ்டெல்லா ஊசியைக் குத்தியபடியே கேட்டாள்: "காலையிலேர்ந்து எவ்ளோ தண்ணி குடிச்ச?"

"குடிக்கல."

"ஏம்மா?"

"குடிச்சா ஒதுங்கணுமே. எங்க போறது? ஒரு மரம் இருக்குதா, ஒரு செடி இருக்குதா? அங்க உக்காந்தா நாலு ஊருக்குத் தெரியும்."

குருதியைப் புதுச்சேரிக்கு அனுப்பிப் பார்த்தோம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் உயர்ந்திருந்தது. சிறுநீரகம் இன்னும் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் நீரின்றி வெயிலில் சுமந்து, மாலையில் வலி மாத்திரை விழுங்கும் வாழ்க்கை இப்படியே தொடர்ந்தால் அது போய்விடும் என்று அவளிடம் சொன்னேன்.

"அப்போ வேலைய வுட்டுடுன்றீங்க."

"அப்படிச் சொல்லலம்மா."

"வேற என்னதான் சொல்றீங்க?"

'வெயிலைத் தவிர்க்கவும், நீர் மிகுதியாக அருந்தவும்' என்று எழுத என் பேனாவுக்குத் தெரியும். எந்தக் கடையிலும் கிடைக்காத மருந்தை எழுதிக் கொடுப்பதும் அதுவும் ஒன்றே.

2. கோதண்டத்தின் வேண்டுகோள்

அவ்வாரமே அவ்வுப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த கோதண்டம் என்னைப் பார்க்க வந்தார். கொடியவர் அல்லர், விழுந்த பெண்ணைத் தம் வண்டியிலேயே ஏற்றி அனுப்பியவர் அவர்தான்.

"டாக்டரம்மா, நர்ச அங்கயே அனுப்புங்க. ஷெட்டுல ஒரு கட்டில் போட்டுத் தர்றேன். எவளாவது வுழுந்தா அங்கயே பாட்டில் ஏத்திடலாம். உங்களுக்கும் அலைச்சல் இல்ல, எனக்கும் வேலை கெடாது."

அவர் சென்றபின் ஸ்டெல்லா, "போறேன் டாக்டர், பக்கத்துல இருந்தா அவங்களுக்கு ஒரு தைரியம்" என்றாள். அவள் சொன்னது சரி. மறுத்தால், மருத்துவமனை வந்து சேருமுன் ஒருத்தி இறந்துபோகலாம். இசைந்தாலோ, வெயில் வீழ்த்தும் உடலை மீண்டும் வெயிலுக்கே செப்பனிட்டு அனுப்பும் பட்டறையாக நம் மருத்துவம் ஆகிவிடும்.

முதலில் உப்பளத்தைப் பார்த்துவிடுவோம் என்று சென்றேன். விடியற்காலை. வானமும் பாத்திகளும் ஒரே நிறமாய் இருந்தன; நடப்பது நிலத்திலா, மேகத்திலா என்ற மயக்கம் எனக்கு. ஆண்கள் நீண்ட காம்புப் பலகையால் உப்பை வாரி வரப்பில் குவித்தார்கள். அதன் நீர் வடியவேண்டும். ஈர உப்பு பெருஞ்சுமை. வடிந்து முடியும்போது வெயில் உச்சியை நெருங்கிவிடும். பெண்கள் சுமக்கத் தொடங்குவது அப்போதுதான். நாளின் மிகக் கொடிய பொழுது அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது, யாரும் ஒதுக்காமலே.

"இதை வரப்புல வுட்டுட்டு, மறுநாள் விடியக்காலையில தூக்கினா என்னங்க?" என்றேன்.

கோதண்டம் சிரித்தார். "ராத்திரி மழை வந்தா கரைஞ்சி போயிடும். நீங்க மருந்து எழுதுவீங்க. மழை வேணாம்னு எழுத முடியுங்களா?"

"கோடையில எத்தனை மழை வந்துடப் போகுது? தார்ப்பாய் போட்டு மூடுங்க. பொம்பளைங்க ஒதுங்க ஒரு மறைப்பு கட்டுங்க, குடிதண்ணி வையுங்க. ஸ்டெல்லாவை அனுப்பறேன். ஆனா அவங்க பாட்டில் ஏத்தின யாரும் அன்னிக்குத் திரும்ப வேலைக்குப் போகக் கூடாது."

கோதண்டம், "சரி, பாப்போம்" என்றார்.

3. மறைப்பு

தென்னங்கீற்றால் மறைப்பு எழுந்தது. கட்டியவர் ஆண்கள். கடற்காற்று தட்டியைப் பிடுங்கிவிடாதிருக்க, வாயிலைக் காற்று அடிக்காத பக்கம் வைத்திருந்தார்கள். அது நேராகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்த்திருந்தது. பெண்கள் அதைச் சுற்றிவந்து பார்த்தார்கள்.

"ஏம்பா, பாண்டிச்சேரி பஸ்ஸுல போறவன்லாம் பாக்கட்டும்னு கட்டுனீங்களா?"

"டிக்கெட் போட்டுடலாம்டி."

வாயிலுக்கு முன் இன்னொரு தட்டி வைத்தபின்னும் யாரும் உள்ளே செல்லவில்லை. வெளியிலிருந்து தலை தெரியுமா என்று யாருக்குத் தெரியும்? "டாக்டரம்மாதான் மொதல்ல போணும்" என்றாள் பச்சையம்மாள். போனேன். அவர்கள் வெளியே நான்கு பக்கமும் நின்றுகொண்டு, "குனியுங்கம்மா", "இப்போ நிமிருங்க", "கொண்டை தெரியுது" என்று குரல் கொடுத்தார்கள். கீற்று இன்னும் ஒரு முழம் உயர்த்தப்பட்டது. அன்று பச்சையம்மாள் ஒரு சொம்பு நீர் குடித்ததை நின்று பார்த்தேன். நான் அதுவரை எழுதிய எந்த மருந்தும் உள்ளே இறங்கும்போது அத்தனை அழகாக இருந்ததில்லை.

4. மழை

சில வாரங்கள் எல்லாம் நன்றாக நடந்தன. ஸ்டெல்லா பகலில் ஷெட்டில் இருந்தாள். பெண்கள் விடியலில் சுமந்தார்கள்; நண்பகலில் அவ்வெளியில் யாரும் இல்லை. பிறகு ஒரு மாலை காற்று திரும்பியது. தார்ப்பாய்கள் பறந்தன. இரவெல்லாம் மழை பெய்தது.

காலையில் சென்றபோது வரப்புகள் கழுவிவிட்டாற்போல் கிடந்தன. பாத்திகளில் வானம் நிறைந்திருந்தது. பார்ப்பதற்கு அப்படியோர் அழகு. சுமந்த கூடைக்குத்தான் கூலி என்பதால், கரைந்தது கோதண்டத்தின் உப்பு மட்டுமன்று. அதை நான் முன்னரே நினைத்துப் பார்க்கவில்லை. பெண்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அவர்கள் பாய்ந்தது பச்சையம்மாள்மேல்.

"உனக்கு ஒடம்பு முடியலன்னா வூட்ல கெட. எங்க வயித்துல ஏன் அடிக்கற?"

"அப்படி என்னதான் வந்துடுச்சி இவளுக்கு, சொல்லுங்க டாக்டரம்மா."

நோயாளியின் நோயைப் பிறரிடம் சொல்லும் உரிமை எனக்கில்லை, வாய்மூடி நின்றேன். என் மௌனம் அவளைப் பொய்க்காரியாக்கிக் கொண்டிருந்தது. அறநெறி நூலில் தெளிவாயிருந்த ஒரு விதி அந்தச் சேற்றில் அத்துணை தெளிவாயில்லை.

பச்சையம்மாளே பேசினாள். "கிட்னி போவுதாம். போதுமா? உங்களுக்கு மட்டும் மூத்திரம் பால் மாதிரியா போவுது? கடுங்காப்பி கலர்ல போறதில்ல? எல்லாரும் போயி ரத்தம் குடுத்துப் பாருங்கடி."

மறுநாள் மூவர் மருத்துவமனைக்கு வந்தார்கள், பின்னர் மற்றவர்கள். சிலருக்கு ஒன்றுமில்லை. சிலருக்குப் பச்சையம்மாளைப் போலவே தொடங்கியிருந்தது.

கோதண்டமோ, இனிப் பழையபடி நண்பகலில்தான் சுமக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் இழந்ததும் உண்மையானதே. நான் அவரிடம் வாதாடவில்லை. மறுபடி உப்பு விளைந்த நாளில் பெண்கள் வந்தார்கள். சுமக்கும் நேரத்தில் மறைப்பின் குறுகிய நிழலில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள்.

"எழுந்திருங்கம்மா, உப்பு காஞ்சிடுச்சி."

"வெயில் தாழட்டுங்க. சாயங்காலம் தூக்கறோம். ராத்திரிக்கு ஒரு கூடைகூட வரப்புல தங்காது."

"இருட்டிட்டா?"

"ரெண்டு லைட்டு போடுங்க. திருவிழாவுக்குப் போடறதில்ல?"

கோதண்டம் குடையை விரித்தார், மடக்கினார், விரித்தார். பின்பு அவரும் அந்நிழலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மாலையில் கடற்காற்று எழுந்தபோது சுமை தொடங்கியது. உப்பு அம்பாரம் செந்நிறமாகி, நீலமாகி, இருளில் தானே ஒளிர்வதுபோல் நின்றது. அவ்வழி என் வழியன்று, அவர்கள் கண்டது.

2006 கோடையின் முடிவில் பச்சையம்மாளின் குருதியை மீண்டும் பார்த்தோம். கிரியாட்டினின் குறையவில்லை; ஏறவும் இல்லை.

"நல்லாயிடுச்சா?" என்றாள்.

"இல்லம்மா. அங்கேயே நிக்குது."

"நிக்குதில்ல," என்று சொல்லிவிட்டுச் சுமைக்குப் போனாள்.

அடுத்த உப்பளங்களில் நண்பகல் சுமை நின்றபாடில்லை. ஆகவே காப்பாற்றினேன் என்ற சொல்லை நான் ஏற்க இயலாது. கற்றது இவ்வளவே: நோயாளியின் கைக்கு எட்டாத அறிவுரை மருத்துவம் ஆகாது, அதை எட்டச் செய்யும்போது அதன் விலை வேறு யார்மேல் விழும் என்பதை, விழப்போகிறவர்களிடம் முன்னரே கேட்டுவிடவேண்டும்.

உப்பள வேலையின் முறைகளிலும் சொற்களிலும் நான் பிழைபட்டிருக்கலாம். யார் எதைச் சொன்னார் என்பதிலும் நினைவு பிறழ்ந்திருக்கலாம். அப்பாத்திகளில் நின்றவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் அருள்கூர்ந்து திருத்துக. மருத்துவம் பற்றிய பிழையிருப்பின் மருத்துவர்கள் திருத்துக. இரண்டும் முரண்பட்டால், முன்னவர்களைக் கேட்டுவிட்டுப் பின்னவர்களிடம் வருகிறேன்.