நிர்மலா இடது கையால் சாப்பிட்ட நாள்

போன திங்கட்கிழமை காலை மாதனூர் நிறுத்தத்தில் கம்பெனி பஸ் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். நிர்மலா வரவில்லை. அவள் கொழுந்தன்தான் ஜன்னலருகே வந்தான். "அண்ணி போய்ட்டாங்கக்கா. விடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆட்டோல ஏத்தறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்றான். பஸ்ஸில் இருந்த நாம் அத்தனை பேரும் எழுந்து நின்றோம். ஏன் எழுந்தோம் என்று யாருக்கும் தெரியாது.

அவளோடு அதே பஸ்ஸில் வந்த உங்களுக்கு அவளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஒன்று மட்டும் இருக்கிறது. பதினொரு வருடமாக நான் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தது அது.

அப்போது நாங்கள் இருவரும் ஆம்பூரில் வேறொரு சின்ன ஷூ கம்பெனியில் இருந்தோம். தோல் வெட்டும் மிஷினில் ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவள். அந்த வாரம் என் முறை. என் மகளுக்குக் காய்ச்சல். மூன்று நாளாக நான் கண் மூடவில்லை. "இன்னிக்கு ஒரு நாள் மிஷின்ல நீ நில்லேன்" என்று நான்தான் கேட்டேன். "நீ போய் உக்காரு. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்று அவள் என் இடத்தில் போய் நின்றாள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன்பு மிஷின் அவள் வலது கை மேல் இறங்கியது. கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கு விரல்களும் போயின.

வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவளைப் பார்த்தேன். கட்டுப் போட்ட கை தலையணை மேல் இருந்தது. "சாமி காரணம் இல்லாம எதையும் செய்ய மாட்டாரு நிர்மலா" என்றேன். அவளுக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் அன்று நினைத்தேன். உண்மையில் பழியை என் மேலிருந்து இறக்கிச் சாமி மேல் வைத்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இன்னா காரணம்னு நீயே அவரக் கேட்டு வந்து சொல்லு" என்றாள்.

நான்கு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். பேக்கிங்கில் லேபிள் ஒட்டும் வேலை கொடுத்தார்கள். மதியம் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காமல் இடது கையால் சாப்பிட்டுவிட்டு வருவாள். கூப்பிட்டாலும் எங்களோடு உட்கார மாட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கையைக் காட்டப் போகும் நாளில் துணைக்கு நானும் போவேன். வேண்டாம் என்று அவள் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை.

அப்படி ஒரு நாள், வெளித் தாழ்வாரத்தில் எங்களுக்கு எதிரே ஒடுகத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் இருந்தார். நிலக்கடலை பிரிக்கும் மிஷினில் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அவர் மனைவி சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோக, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு நாளா ஒண்ணும் துன்னலம்மா" என்று அந்த அம்மாள் எங்களைப் பார்த்து அழுதார்.

"நான் இன்னா கொழந்தையா, ஊட்டி வுட? பீச்சாங்கையால துன்னா ஊரு சிரிக்காது?" என்றார் அவர்.

நிர்மலா அவரைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்தாள். எங்கள் யார் முன்னாலும் சாப்பிடாதவள், அத்தனை பேர் நடமாடும் இடத்தில் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, இடது கையால் எலுமிச்சை சாதத்தை அள்ளினாள். பாதி புடவையில் கொட்டியது. காதுவரை சிவந்துபோனாள். ஆனாலும் நிறுத்தவில்லை.

"பாருண்ணா, எனக்கும் இன்னும் சரியா வரல. மொதல்ல மூக்குக்குப் போவும். அப்பறம் வாய்க்கு வந்துடும்."

அவர் சிரித்தார். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. அழுதபடியே மனைவியிடமிருந்து தட்டை இடது கையால் இழுத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில்தான் நான் வாய் திறந்தேன். "அது என் முறை நிர்மலா. போயிருக்க வேண்டியது என் கை."

"தெரியும்டி. நாலு மாசம் நானும் அப்படித்தான் நெனச்சேன். உன் கை போயிருக்கணும்னு. பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள். "சோளிங்கர் மலையேறி நரசிம்மர் கிட்டயே கேட்டேன், ஏன் எனக்குன்னு. ஒண்ணும் சொல்லல. இன்னிக்குத் தோணுது, நான் கேட்டதே தப்போன்னு. வெரல எடுத்தது சாமி இல்ல, மிஷினு. மிச்சம் இருக்கறத வெச்சு இன்னா பண்ணப் போறேன்னு அவருதான் என்னக் கேக்கறாரு."

அதன்பின், இந்தக் கம்பெனிக்கு மாறிய பிறகும், மாதம் ஒரு நாள் அவள் விடுப்பு எடுத்தது உங்களுக்குத் தெரியும். கோயிலுக்குப் போகிறாள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அவள் போனது அந்த வேலூர் ஆஸ்பத்திரிக்கு. ஒரு கையால் புடவை கட்ட, சட்டைப் பொத்தான் போட, ஊசியில் நூல் கோக்க அங்கே வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். முடியவில்லை என்று அழுகிறவர்களோடு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். "சாமி இதுக்குத்தான் என் கைய எடுத்தாரு" என்று ஒரு நாளும் அவள் சொன்னதில்லை. வேறு யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "அவர அவ்ளோ கெட்டவரா ஆக்காதீங்க" என்பாள்.

அடக்கத்துக்கு ஒடுகத்தூர் விவசாயியும் அவர் மனைவியும் வந்தார்கள். நம்மில் யாருக்கும் தெரியாத இன்னும் ஆறேழு பேர் வந்தார்கள். விரல் இல்லாதவர்கள், கை மடங்காதவர்கள். இவர்கள் யார் என்று ஊரார் என்னைக் கேட்டார்கள். நிர்மலாவின் சொந்தக்காரர்கள் என்றேன்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு தயக்கம். துன்பத்தில் இருப்பவரிடம் கடவுளின் காரணத்தைச் சொல்லப் போகும்போது என் நாக்கு இப்போது நின்றுவிடுகிறது. நேற்று அவள் மகள் என் தோளில் சாய்ந்து, "எங்கம்மாவ சாமி ஏன் எடுத்துக்கிட்டாரு பெரிம்மா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை.