தூங்கிக் காட்டச் சொன்ன நாள்

ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு வாருங்கள், இங்கே வந்து தூங்கலாம் என்றார் டாக்டரம்மா. இதைக் கேட்கவா பஸ் பிடித்துத் தஞ்சாவூர் வந்தோம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. சவூதியில் ட்ரெய்லர் ஓட்டுகிறவனுக்கு விழித்திருப்பது ஒரு வேலையா? தூங்கிக் காட்டுவதுதான் பெரிய பாடு.

லீவில் வந்த நேரம் சம்பா அறுவடை. எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் களத்து ஓரம் வேப்பமரத்தடியில் கண்ணயர்ந்தேன். விழித்தபோது சுற்றிலும் கூட்டம், நாக்கில் ரத்தம், கையில் கடப்பாரை. வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுத்தால் அடங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கடப்பாரையைப் பார்த்துத்தான் எனக்கு என்ன வந்தது என்றே தெரிந்துகொண்டேன். வெயில், வெறும் மயக்கம் என்று சொல்லிப் பார்த்தேன். களத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்துவிட்ட பிறகு யார் நம்புவார்கள்?

பயம் வலிப்பைப் பற்றியதல்ல. தேதிக்குள் திரும்பாவிட்டால் விசா போய்விடும். கட்ட ஆரம்பித்த வீடு ஜன்னல் உயரத்தில் நிற்கிறது. வண்டி ஓட்டுவதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் தெரியாது. வலிப்புக்காரன் என்று பெயர் வந்துவிட்டால் எந்தக் கம்பெனி என்னிடம் சாவி கொடுக்கும்? மூளையின் மின்சாரத்தைக் கோடு கோடாக எழுதிக் காட்டும் மெஷின் ஒன்று இருக்கிறது, அதில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

விழித்திருந்த இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காப்பி கூடாது என்றிருந்ததால் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்து, சட்டை மாட்டி, கிளம்புகிற நேரத்தில் அம்மா பின்னால் வந்து உச்சந்தலையில் ஒரு கை நல்லெண்ணெயை வைத்து அறைந்துவிட்டாள்.

"ராவெல்லாம் முழிச்ச உடம்புப்பா. சூடு ஏறிக் கெடக்கும்."

எண்ணெய் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது எனக்குப் பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது. பரிசோதனை செய்யும் பெண் என் தலையைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

"இப்படி வந்தா ஒயர் எப்படி சார் ஒட்டும்? போய் அலசிட்டு வாங்க."

என் மனைவி எதிர்க்கடையில் ஷாம்பு பாக்கெட் வாங்கிவந்தாள். ஆஸ்பத்திரிக் குழாயடியில் நான் குனிந்து நிற்க, போகிற வருகிறவர்கள் பார்க்க, என் தலையைத் தேய்த்தாள். கோபத்தையும் சேர்த்துத்தான் தேய்த்தாள். அவள் இடுப்பில் இருந்த பத்தாயத்துச் சாவி என் தோளில் இடித்தது. அந்த இரும்புச் சாவி மேலேயே எனக்கு ஒரு கடுப்பு. பத்தாயத்தில் நெல் இருக்கிறதோ இல்லையோ, சாவியை மட்டும் விடமாட்டாள். இந்த லீவில் ஓரிரு நாள் காலையில் விழித்தபோது அது என் கைக்குள்ளேயே கிடந்தது. இதை ஒரு இடத்தில் ஒழுங்காக வைக்கத் தெரியாதா என்று கத்தியிருக்கிறேன். பேசாமல் எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள்.

தலையெங்கும் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். கண்ணைத் திற, மூடு என்றார்கள். வேகமாக மூச்சு விடச் சொன்னார்கள். முகத்துக்கு நேரே விளக்கு படபடவென்று மின்னியது. பிறகு அறையை இருட்டாக்கித் தூங்குங்கள் என்றார்கள்.

நான் தூங்குவதாக இல்லை. களத்தில் அது வந்தது தூக்கத்தில்தானே? தூங்கினால் காட்டிக்கொடுத்துவிடும். போர்வைக்குள் தொடையைக் கிள்ளினேன், பல்லைக் கடித்தேன், பாலைவனத்து ரோட்டை நினைத்துக்கொண்டேன்.

"பல்லைக் கடிக்காதீங்க சார், கோடெல்லாம் கிறுக்கலா வருது. ஃப்ரீயா இருங்க."

மெஷினை ஏமாற்ற முடியாது என்பதே பெரிய அவமானமாக இருந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. எழுப்பியபோது வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. நாக்கைத் தடவிப் பார்த்தேன். ரத்தம் இல்லை.

சாயங்காலம் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"இதுல ஒண்ணும் இல்லை."

எனக்கு எழுந்து ஓடவேண்டும் போல இருந்தது. மனசுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

"ஆனா இதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. டெஸ்ட் பண்ற நேரத்துல வராமலும் இருக்கலாம். கூட இருக்கவங்க பார்த்ததுதான் முக்கியம்" என்று என் மனைவி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. களத்துல வந்ததுதான் முதல் தடவையா?"

ஆமாம் என்று நான் சொன்னேன். அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"இல்லைங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை, தூக்கத்துல. வெட்டி வெட்டி இழுக்கும். பத்தாயத்துச் சாவியைக் கையில திணிச்சு, அடங்குற வரைக்கும் புடிச்சிக்கிட்டு இருந்தேன். காலையில இவருக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை."

இரும்பெல்லாம் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள் என்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது, நான் சொல்லும் வரை வண்டியைத் தொடக்கூடாது என்றார். எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வராந்தாவில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்லைன்னு மெஷினே சொல்லிடுச்சு. நீ ஏன் வாயைத் தொறந்த? இத்தனை நாள் சொல்லாதவ இன்னைக்கு எதுக்குச் சொன்ன?"

"சொன்னா உங்க பொழப்பு போயிடுமேன்னுதான் சொல்லலை" என்றாள். குரல் உயரவில்லை. "சொல்லாம அனுப்பி வச்சா, அங்க உங்க கையில யாருங்க சாவி வைப்பா?"

கம்பெனி ரூமில் என்னோடு படுத்திருக்கும் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஆளுக்கொரு ஷிஃப்ட். நான் தூங்கும்போது அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். களத்தில் விழித்தபோது வராத பயம் அப்போதுதான் வந்தது.

திருவையாறு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டிக்கெட் எடுப்பதற்குள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்து, தலை கம்பியில் மோத மோதத் தூங்கினாள். இந்த லீவில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு ராத்திரி விழித்ததற்கே ஊரைக் கூட்டியவன் நான். அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். கண் எரிந்தது, தூக்கம் சொக்கியது. ஊர் வரும்வரை கண்ணை மூடவில்லை.